ஐல் ராயலுக்குப் படகு கிளம்பும் முன்

கிராண்ட் போர்ட்டேஜ், மினசோட்டா
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

சுப்பீரியர் ஏரியின் வடகரையில், கனடா எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஒஜிப்வே மக்களின் ஊரிலிருந்து எழுதுகிறேன். எதிரே சுமார் 35 கிலோமீட்டரில் ஐல் ராயல் தீவு. அதைச் சுற்றி லேக் டிரவுட் பிடிக்கப் போகிறோம். நான், என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், அவருடைய மாமனார். படகு மாமனாருடையது. 24 அடி நீளம், மூடிய முன்னறை, ரேடாரும் உண்டு. மனிதர் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தவுடன் அவர் முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னது, எந்தக் காற்றில் கிளம்பக்கூடாது என்பதை.

நீ கடல் பார்த்து வளர்ந்தவன், அதனால் உனக்கு இதை விரிவாகவே சொல்லலாம். இந்த ஏரியின் பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். கடலலைபோல நீண்டு உருண்டு வராது இங்கே அலை. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். ஒன்றின் மேலிருந்து படகு இறங்கும் முன்பே அடுத்தது மூக்கில் அறையும். தென்மேற்கிலிருந்து காற்று பிடித்தால், டுலூத் நகரப் பக்கமிருந்து தடையே இல்லாமல் ஓடிவந்த அலை எங்கள் படகுக்குக் குறுக்கே அடிக்கும். எனவே மூன்றடிக்கு மேல் அலை என்று வானொலி முன்னறிவிப்பு சொன்னால் கிளம்புவதில்லை. திரும்பும்போதும் இதே விதிதான். அதற்காகக் கூடுதல் நாள்களுக்கான அரிசி, பருப்பு, ரொட்டியெல்லாம் படகில் ஏற்றியாகிவிட்டது. டீசலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதற்கும் தொடாமல் வைப்பதற்கு.

குளிர்தான் பெரிய பயம். கரையில் மரமெல்லாம் துளிர்விட்டிருக்கிறது, நடு ஏரியிலோ தண்ணீர் இன்னும் நான்கைந்து டிகிரி செல்சியஸ்தான். உள்ளே விழுந்தவனுக்கு மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், கைகால் சொல்பேச்சு கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று இங்கே படகு பழகுகிறவர்களுக்குப் பாடம் சொல்கிறார்கள். மிதவைச் சட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டுவைக்கும் பேச்சே கிடையாது. இந்த மாதத்தில் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த நீர்மேல் வந்து படிந்து மூடுபனி இறங்கும். அப்போது படகின் முன்முனைகூடத் தெரியாதாம்.

இனி தீவு. 72 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 14 கிலோமீட்டர். மினசோட்டாவுக்கும் கனடாவுக்கும் அருகில் இருந்தாலும் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே மீன்பிடி உரிமம் மிச்சிகனுடையது. கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். 1940 முதல் தேசியப் பூங்கா. கார் கிடையாது, படகிலோ நீர்விமானத்திலோதான் போக முடியும். நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மூடிவிடுகிறார்கள். பூங்காவின் எல்லை கரையோடு நிற்பதில்லை, ஏரிக்குள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நாய்க்கு அனுமதியில்லை, படகுக்குள் வைத்திருந்தாலும் கூடாது. மாமனாரின் கிழட்டு நாய் பக்கத்து வீட்டில் இருக்கப் போகிறது.

என்னை ராத்திரி வெகுநேரம் உட்கார வைத்தது அந்த வரைபடம்தான். 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து, நடுவே தாழ்ந்து, பெரிய கிண்ணம்போல ஆகிவிட்டது. ஒரு விளிம்பு இந்தத் தீவு, எதிர் விளிம்பு மிச்சிகனின் கீவீனா தீபகற்பம், இடையில் ஏரி. தீவில் அந்த அடுக்குகள் தென்கிழக்கு நோக்கிச் சரிந்திருக்கின்றன. அதனால் வடமேற்குக் கரை வெட்டிவிட்டதுபோல் செங்குத்து. கல்லெறியும் தூரத்திலேயே தண்ணீர் ஆழமாகிவிடுகிறது. தென்கிழக்கில் பாறை மெல்ல மெல்ல இறங்குகிறது. நீளவாக்கில் ஓடும் மலைமுகடுகள் முனைகளில் தண்ணீருக்குள் புகுந்து நீரடிப் பாறைத் திட்டுகளாக, அதாவது பார்களாகத் தொடர்கின்றன. எண்களைப் பார்த்துக்கொண்டே விரலை நகர்த்தினால் 200 அடி, 90 அடி, திடீரென்று 8 அடி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார் பார்த்து வலை போடுவார்களே, அதே கணக்குதான். மீன் அந்த மேட்டின் ஓரத்தில்தான் நிற்கும். கப்பல் உடைவதும் அங்கேதான். மேற்கு முனையிலுள்ள ராக் ஆஃப் ஏஜஸ் பாறையில் 1908 முதல் கலங்கரை விளக்கம் எரிகிறது. அப்படியும் 1933இல் ஜார்ஜ் எம். காக்ஸ் என்ற பயணிகள் கப்பல் மூடுபனியில் அந்தப் பாரிலேயே ஏறிவிட்டது. எல்லோரும் பிழைத்தார்கள்.

நீலகிரியின் அவலாஞ்சி மீன் பண்ணையில் நாம் பார்த்தது வானவில் டிரவுட். நாங்கள் பிடிக்கப்போகும் லேக் டிரவுட் அதற்குத் தூரத்து உறவு. கருத்த உடம்பில் வெளிர்ப் புள்ளிகள், ஆழமாகப் பிளந்த வால். மெதுவாக வளரும், முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல ஆண்டாகும், நாற்பது வயதைத் தாண்டுவதும் உண்டு. இலையுதிர் காலத்தில் கல்லடர்ந்த பார்களுக்கு வந்து முட்டையை இடுக்குகளில் விட்டுவிட்டுப் போகும். இத்தீவைச் சுற்றி ஒரே இனத்தில் பல வடிவங்கள் உண்டு. கரையோரம் மெலிந்த உடம்புக்காரன், ஆழத்தில் கொழுப்பேறிய சிஸ்கோவெட், தனித்து எழும் ஆழ்நீர் மேடுகளில் வயிற்றுத் தோல் மெலிந்த ஹம்பர். நாங்கள் தேடுவது முதல் வகையை. ஜூனில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை குளிர்ந்திருப்பதால் சிறுமீன்களைத் துரத்திக்கொண்டு அது ஆழமில்லாத இடத்துக்கே வருகிறது. ஆடிக்குப் பிறகு வந்தால் ஆழத்தில் தேட வேண்டியிருக்கும்.

இந்த மீன் இன்று இங்கே இருப்பதே பெரிய விஷயம். நயாகரா அருவி தடுத்து வைத்திருந்த கடல் லாம்ப்ரே என்னும் அட்டைவாய் உயிர், அருவியைச் சுற்றி வெட்டிய வெல்லண்ட் கால்வாய் வழியாக மேல் ஏரிகளுக்குள் நுழைந்தது. 1938இல் சுப்பீரியரிலும் தென்பட்டது. விலாங்குபோன்ற உடம்பு, வட்ட வாய் நிறையப் பற்கள். மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஏற்கெனவே வலைகள் மிதமிஞ்சி வாரியிருந்தன. ஐம்பதுகளில் லேக் டிரவுட் ஏறக்குறைய ஒழிந்தே போனது. மிச்சிகனின் ஹாமண்ட் பே ஆய்வு நிலையத்தில் ஆயிரக்கணக்கான இரசாயனங்களைச் சோதித்து, லாம்ப்ரே குஞ்சுகளைக் கொல்லும் டி.எஃப்.எம். என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். 1958 முதல் ஓடைகளில் அதை ஊற்றுகிறார்கள். கோவிட் காலத்தில் அந்த வேலை குறைந்தவுடன் லாம்ப்ரே மறுபடி பெருகியது, ஆகவே கையை எடுக்கவே முடியாது. அந்தக் கெட்ட காலத்திலும் ஐல் ராயலைச் சுற்றி இருந்த நாட்டு மீன் முற்றிலும் அற்றுப்போகவில்லை. பிறகு இதன் வித்தே வேறு கரைகளுக்கும் குஞ்சாகப் போனது. ஏரியின் பெரும்பகுதியில் லேக் டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாகப் பேரேரிகள் மீன்வள ஆணையம் 2024 நவம்பரில் அறிவித்தது. எழுபது வருஷப் பாடு, நண்பா. எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை.

ஆகவே எத்தனை பிடிக்கலாம் என்று உரிமப் புத்தகம் சொல்வதற்கும் கீழே எங்கள் கணக்கு. அன்றன்றைக்குச் சமைக்க நடுத்தர மீன் போதும், பெரியதை அப்படியே விட்டுவிடுவது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீவுக்குள்ளேயே சிஸ்கிவிட் என்று ஓர் ஏரி. சுற்றிலும் ஆலையோ வயலோ எதுவும் இல்லை. அப்படியும் அதிலிருந்த மீனைச் சோதித்தபோது பி.சி.பி. என்ற ஆலை இரசாயனமும், அமெரிக்காவின் தெற்கே பருத்திக்கு அடித்த டாக்சாஃபீன் பூச்சிமருந்தும் இருந்தன. காற்றில் மிதந்து வந்து மழையோடு இறங்கியவை. வயதான, கொழுத்த மீனில்தான் இத்தகைய நஞ்சு அதிகம் சேரும்.

தூண்டில் முறையைக் கேட்பாய். படகை நடை வேகத்தில் ஓட்டி, நாலைந்து கிலோ ஈயக் குண்டைக் கம்பியில் இறக்கி, அதில் நரம்பைக் கவ்வவைத்து, பின்னால் தகரக் கரண்டித் தூண்டிலை இழுக்க வேண்டும். மீன் கடித்தால் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுக் கோல் சட்டென்று நிமிரும். ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது இந்த மீன் தன் காற்றுப்பையிலிருந்து காற்றை வாய்வழியாக விட்டுவிடும். மீன் கண்ணில் படும் முன்பே, நரம்பு தண்ணீரில் இறங்கும் இடத்தைச் சுற்றிக் குமிழிகள் பொங்கும். போன வருஷம் கரையோரம் மாமனாரோடு போனபோது அதைப் பார்த்தேன். கருநீரிலிருந்து குமிழிகளுக்குப் பின்னால் வெளிறிய வயிறு சுழன்று சுழன்று ஏறியது. விலாவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டத் தழும்பு. லாம்ப்ரே கடித்து, தப்பிப் பிழைத்த மீன். மாமனார் பேசாமல் கொக்கியைக் கழற்றி, வாலடியைப் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்திருந்து விட்டுவிட்டார்.

தீவில் இறங்கும் துறை விண்டிகோ. அதற்குள் நுழையும் குறுகிய வழியில் அமெரிக்கா என்ற கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. தீவின் மீனவக் குடும்பங்களுக்குத் தபாலும் சாமானும் கொண்டுவந்து, அவர்கள் பிடித்த மீனை டுலூத்துக்கு ஏற்றிப்போன கப்பல். 1928 ஜூனில் பாறையில் தட்டி மூழ்கியது. மனிதர்கள் எல்லோரும் தப்பினார்கள். முன்முனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறதாம், படகிலிருந்து குனிந்தாலே தெரியும் என்கிறார் மாமனார். இங்கே வாழ்ந்த நார்வே, ஸ்வீடன் மீனவர்களின் பழைய வலைவீடு ஒன்று கிழக்கு முனையில், ராக் ஹார்பரில் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நாள் இருந்தால் அதுவரை போவோம்.

இன்றைக்குத் தென்மேற்குக் காற்று, அலை நாலடி என்று சொன்னார்கள். நாளை மறுநாள் அதிகாலை தணியும் என்கிறார்கள். தணியாவிட்டால் இங்கேயே காத்திருப்பது, அதற்குமேல் விடுமுறை தாங்காது என்றால் படகைக் கரையில் விட்டுவிட்டு இங்கிருந்து தீவுக்குப் போய்வரும் வாயேஜர் என்ற பயணிகள் கப்பலில் போய்த் தீவைப் பார்த்துவிட்டு வருவது. தீவில் கைபேசி எடுக்காது. அம்மா உனக்குப் போன் செய்து கேட்டால், கரைக்கு வந்தவுடன் நானே கூப்பிடுவேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்