கருப்பட்டி வாசனை

ஆணி புடுங்க போர்ச்சுகல் போன இடத்துல ஒரு சனிக்கிழமை சும்மா கிடைச்சுது. கூட வேலை பார்க்கிறவங்க "போர்ட்டோ வரைக்கும் வந்துட்டு போர்ட் ஒயின் குடிக்காம போனா பாவம்"னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு இஷ்டமே இல்லை. சாராய வாசனைன்னாலே எனக்கு ராத்திரி பத்தரை மணி, கேட் திறக்கிற சத்தம், அம்மா அவசரமா டிவியை அணைக்கிறது, அவ்வளவுதான். இருபத்தெட்டு வயசு வரைக்கும் ஆபீஸ் பார்ட்டியையெல்லாம் ஸ்ப்ரைட்டோடயே ஓட்டின ஆளு நான்.

1886ல திறந்த இரும்புப் பாலத்தைத் தாண்டினா எதிர்க்கரையில விலா நோவா டி காயா. ஆத்தை ஒட்டி வரிசையா ஒயின் கிடங்குகள். திராட்சை விளையறது இங்க இல்லை, டோரோ ஆத்தோட மேல போனா வர்ற மலைச்சரிவுல. 1756லயே அதுக்கு எல்லை போட்டுட்டாங்க. சாறு பாதி நுரைச்சுட்டு இருக்கும்போதே 77 சதவீத திராட்சை ஸ்பிரிட்டை ஊத்தி ஈஸ்ட்டைக் கொன்னுடறாங்க. மிச்ச சர்க்கரை அப்படியே தங்கிடுது. (ஓடிட்டிருக்கிற ப்ராசஸ்சை 'கில்' பண்றோமே, அதேதான்!)

உள்ள கும்மிருட்டு. 550 லிட்டர் பீப்பாய்கள் கூரை வரைக்கும். சுத்திக் காட்டின பொண்ணு கடைசியில ஆளுக்கு ரெண்டு கிளாஸ் வச்சுது. ஒண்ணு 20 வருஷ டானி. இன்னொண்ணு 1997 விண்டேஜ். அட, நம்ம வயசு!

ஏறக்குறைய ஒரே வயசுன்னு பார்த்தா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டானி மரப்பீப்பாயிலயே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமா காத்து பட்டு, ஆவியாகி, சிவப்பெல்லாம் போய் தேன் கலருக்கு வந்துடுது. 20 வருஷம்னு போட்டிருந்தா அத்தனையும் 20 வருஷச் சரக்கு இல்லையாம். பல வருஷத்ததைக் கலந்து, அந்தப் பக்குவம் வந்திருக்கான்னு அரசாங்கக் குழு ஒண்ணு ருசி பார்த்து ஒத்துக்கணும். விண்டேஜ் நேர்மாறு. ரெண்டு வருஷத்துக்கப்புறம் வடிகட்டாம பாட்டில்ல அடைச்சுடுவாங்க. மிச்ச வயசெல்லாம் காத்தே படாம இருட்டுலதான். அடியில வண்டல் படியும். ஆட்டக் கூடாது, மெதுவா வேற ஜாடிக்கு வடிச்சு இறுக்கணும். எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு தெரிய பாட்டில் மேல வெள்ளை பெயின்ட்டை ஒரு தீத்து தீத்தி வச்சிருக்கிறதைப் பார்த்தா சிரிப்பு வந்துச்சு.

"குடிக்காதீங்க, முதல்ல மோந்து பாருங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு. எனக்கு அங்கதான் பயம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விண்டேஜை மூக்குக்கிட்ட கொண்டு போனேன். காய்ஞ்ச பிளம்ஸ், கொஞ்சம் மிளகு. பரவாயில்லை. அப்புறம் டானி. பக்கத்துல ஒருத்தர் வால்நட்டு, காய்ஞ்ச அத்திப்பழம்னு அடுக்கிட்டே போனாரு. எனக்கு வந்தது பொங்கலன்னிக்கு நெய்யில முந்திரி வறுபடற வாசனை. பின்னாடியே கருப்பட்டிப் பாகு, அடுப்புல கொஞ்சம் கூடுதலா நின்னது. பத்தரை மணி வரவே இல்லை. கிளாஸை வச்சுட்டு வச்சுட்டு எடுத்து மோந்ததுலயே கால் மணி நேரம் போச்சு. குடிச்சது ரெண்டு வாய்தான்.

எங்கப்பா எதையும் மோந்து பார்த்துக் குடிச்சு நான் பார்த்ததில்லை. மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ஒரே மடக்கு, மேல ஊறுகாய். மருந்து குடிக்கிற மாதிரி. விட்டு ஆறு வருஷமாச்சு.

ராத்திரி போன்ல கேட்டாரு, "இன்னிக்கு என்னடா பண்ணே?"

"ஒயின் குடோன் பார்க்கப் போனோம்பா."

"குடிச்சியா?"

"ரெண்டு வாய்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எப்படி இருந்துச்சு?"

"கருப்பட்டி மாதிரிப்பா."

"ம்ம்... சரி, அம்மாகிட்ட பேசு."