எழுத்துருக்களை நீக்கப் புகுந்தேன்

என் இல்லக் கணினியில் எழுத்துருக்கள் முந்நூறுக்கு மேற்படவே, ஒன்றைத் தேர்வதும் பெருந்தொல்லையாயிற்று. விடுமுறை நாளொன்றில் வேண்டாதவற்றை நீக்கத் தொடங்கினேன். தனக்கு இன்றியமையாத சிலவற்றை நீக்க விண்டோஸ் ஒப்பவில்லை. ‘பாமினி’யையோ யாதொரு தடையுமின்றி விட்டுக்கொடுத்தது.

சில நாட் கழித்து, காலஞ்சென்ற என் தந்தையார் 1998இல் தட்டெழுதிய குடும்ப வரலாற்றைத் திறந்தேன். அந்தோ! தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துகளே பொருளின்றி நிரம்பியிருந்தன. மெய்யெழுத்தின் புள்ளி நிற்குமிடந்தோறும் அரைப்புள்ளி நின்றது. பாமினி ஒருங்குறியைத் தழுவாதது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவது. அஃது அகலவே, அடியிலிருந்த ஆங்கிலம் வெளிப்பட்டது. நகலெடுத்து வையாமல் நீக்கிய என் பேதைமையை என்னென்பேன்!

நண்பரொருவரிடம் அதனைப் பெற்று மீண்டும் நிறுவினேன். முதல் வரியில் என் பாட்டியாரின் பெயர் தெளிவுறத் தோன்றிற்று. எஞ்சிய எழுத்துருக்களை நீக்க இன்னும் கை எழவில்லை.