கேட்காமல் எழுதியவை

மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். 1952-இல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்தது, 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது, இன்று அந்த இடத்தில் துணிக்கடை. இந்த நாலு செய்தியையும் முன்னால் வைத்து, மிச்சத்தை ஏக்கத்தால் நிரப்பினால் கட்டுரை முடிந்துவிடும். படித்தவர்கள் கண் கலங்கியதாகக் கடிதம் போடுவார்கள். அந்தக் கடிதங்களுக்கு நான் தகுதியானவன் இல்லை. தங்கத்தின் கதையை உள்ளிருந்து சொல்லக்கூடிய ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லத் தயாராக இருந்தார். நான் போகவில்லை. அவர் இறந்த பிறகு, போய்க் கேட்டவன்போல எழுதினேன்.

தங்கம் இருந்த மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி ரயில் நிலையத்துக்குப் பக்கம். படம் பார்ப்பதற்கென்றே ரயிலிலும் பஸ்ஸிலும் மதுரைக்கு வந்தவர்கள் உண்டு. ஊரில் தியேட்டருக்குப் பஞ்சமில்லை. 1937-இல் வந்த ‘சிந்தாமணி’ படத்தில் கிடைத்த லாபத்தில் கட்டி, அதன் பெயரையே வைத்த சிந்தாமணி தியேட்டர் இருந்தது. பகலில் நூலகமாகவும் மாலையில் ஆங்கிலப் படம் ஓடும் ரீகல் தியேட்டராகவும் இருந்த விக்டோரியா எட்வர்டு மன்றம் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் தங்கம் தனியாகத் தெரிந்ததற்குக் காரணம் அதன் அளவு. ஹவுஸ்புல் ஆன ஒரு காட்சி விட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவார்கள். அடுத்த காட்சிக்கு அதே அளவு கூட்டம் வெளியே நிற்கும். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதினேன். அந்தக் கூட்டத்தை உள்ளே விட்டு, உட்காரவைத்து, படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டி வெளியே அனுப்பியவர்களைப் பற்றி ஒரு பத்தியும் எழுதியதில்லை.

முதலில் நான் சொன்ன அந்த ஒருவர் தங்கத்தில் புரொஜக்டர் ஓட்டிய ஆபரேட்டர். அவரை ஒரு டீக்கடையில் பழக்கம். அப்போது தியேட்டர் மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் கேபினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அந்தக் காலத்து புரொஜக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் மின்சாரம் பாய்ந்து எரிகிற வெளிச்சம்தான் திரைக்குப் போகும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும். ஆபரேட்டர் அதைப் பார்த்துப் பார்த்து நெருக்கிவைக்க வேண்டும். பெரிய ஹாலில் திரை வெகுதூரத்தில் இருப்பதால் மங்கல் உடனே தெரிந்துவிடும். கீழே விசில் கிளம்பிவிடும். இரண்டு புரொஜக்டர்கள். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது படத்தின் வலது மேல் மூலையில் கருப்பாக ஒரு புள்ளி வந்து போகும். அது தயாராகச் சொல்லும் புள்ளி. இரண்டாவது புள்ளிக்கு அடுத்த புரொஜக்டருக்கு மாற்றிவிட வேண்டும். சனங்கள் கதாநாயகன் முகத்தைப் பார்க்கிறபோது அவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஒருநா வீட்டுக்கு வாங்க தம்பி, உக்காந்து எல்லாத்தையும் சொல்றேன். நான் போய்ட்டா இதெல்லாம் சொல்ல ஆளில்ல” என்றார். “அடுத்த வாரம் வர்றேண்ணே” என்றேன். அந்த வாரம் வரவே இல்லை. பிறகு பார்த்த இடங்களிலும் அவர் கேட்டார், நானும் அதையே சொன்னேன். கடைசியில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரமில்லை என்றால் அது பொய். அதே காலத்தில் ஒரு நடிகரின் பேட்டிக்காகச் சென்னைக்குப் போய் நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். கேபினுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவரின் அனுபவம் ஒரு கட்டுரைக்கு விஷயமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. திரையில் தெரிந்தவர்கள்தான் சினிமா, அதை அங்கே விழச் செய்தவர்கள் வேலையாட்கள் என்கிற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. தியேட்டரை நேசிப்பதாக எழுதிக்கொண்டே அதில் உழைத்தவர்களை மதிக்காமல் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. தங்கம் நொடித்துக்கொண்டிருந்த வருடங்களில் நான் அங்கே போவதில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்து தூர்தர்ஷன் வீட்டுக்குள் தெளிவாகத் தெரிந்தது. டெக்கும் கேசட்டும் வாடகைக்குக் கிடைத்தன. பின்னால் கேபிள் வந்தது. சில நூறு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவு பெரிய ஹாலுக்கு அதே கார்பன், அதே ஊழியர்கள், ஏறக்குறைய அதே கரண்டு பில். சின்னத் தியேட்டர் தாங்குகிற நஷ்டத்தைப் பெரிய தியேட்டர் தாங்காது. எந்த அளவைச் சொல்லிப் பெருமைப்பட்டோமோ அதுவே அதற்குப் பாரமானது. இதைப் பற்றி எழுதியபோது ‘மக்கள் கைவிட்டார்கள்’ என்று எழுதினேன். கைவிட்டவர்களில் நானும் ஒருவன் என்று எழுதவில்லை.

செய்யாமல் விட்டது எவ்வளவு பெரியது என்பது மற்றவர்கள் செய்ததைப் படித்தபோதுதான் உறைத்தது. சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் எண்பதுகளில் மதுரைக்கு வந்து, இங்குள்ள ஏழை ரசிகர்களோடு பழகி, அவர்களுக்கு சினிமா என்னவாக இருக்கிறது என்று கேட்டு, 1993-இல் நூலாகக் கொண்டுவந்தார். கடல் கடந்து வந்தவர் என் ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டார். நாலு தெரு தள்ளி இருந்தவரிடம் நான் போகவில்லை. தமிழ்நாட்டில் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது டிக்கெட் விலை, சாதிப்படிநிலை அல்ல என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். தங்கத்தில் அது எவ்வளவு தூரம் உண்மையாக இருந்தது? தரை டிக்கெட்டில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள்? காசிருந்தும் பால்கனிக்குப் போகத் தயங்கியவர்கள் இருந்தார்களா? தனியாக வந்த பெண்களுக்கு எப்படி இருந்தது? டிக்கெட் கிழித்தவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது, சிவத்தம்பியை மேற்கோள் காட்டத்தான் தெரியும்.

‘ஆசியாவிலேயே பெரியது’ என்பதையும் நான் சரிபார்த்ததில்லை. இருக்கையை எண்ணியா, பரப்பை அளந்தா, எந்த வருடத்துக் கணக்கு என்று விசாரிக்காமல், முன்பு எழுதியவரைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து அடுத்தவரும் எழுதினோம். தினசரி வசூல் கணக்கு, விநியோகஸ்தரோடு போட்ட ஒப்பந்தம், ஸ்லைடுகள், சம்பளப் பதிவேடு இவையெல்லாம் எங்கே போயின என்று தேடியதில்லை. ஏக்கத்தை எழுத ஆதாரம் வேண்டாம். சரித்திரம் எழுத ஆதாரம் வேண்டும். எனக்கு எளிதானதை நான் செய்தேன்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். அந்த ஆபரேட்டர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் ஒரு சிறப்பிதழுக்குத் தங்கம் தியேட்டர் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அதில் ‘பழைய ஆபரேட்டர் ஒருவர் என்னிடம் மனம் திறந்து பேசினார்’ என்று எழுதினேன். கடைசிக் காட்சி முடிந்ததும் அவர் புரொஜக்டரைத் தொட்டு அழுததாக எழுதினேன். அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. கடைசிக் காட்சியன்று அவர் வேலையில் இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவேளை வரவேண்டிய சம்பளத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார். கண் எரிச்சலைப் பற்றியோ, இரவுக் காட்சி முடிந்து வீட்டுக்கு நடந்ததைப் பற்றியோ சொல்லியிருப்பார். மூடியதில் அவருக்கு வருத்தமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் சொல்லத் தயாராக இருந்ததைக் கேட்காமல், எனக்குத் தேவைப்பட்ட கண்ணீரை அவர் கண்ணில் வைத்தேன். அந்தக் கட்டுரையில் அதிகம் பாராட்டப்பட்ட இடம் அதுதான்.

பிலிம் ரீல் தியேட்டர்களை விட்டுப் போய்ப் பத்து, பதினைந்து வருடங்கள் ஆகிவிட்டன. கார்பனில் ஓட்டியவர்கள் மிச்சம் இருந்தால் நல்ல வயதாகியிருக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். நடிகர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். என்ன சம்பளம், யார் வேலை கற்றுக்கொடுத்தது, பிலிம் அறுந்தால் என்ன செய்தீர்கள், எந்தப் படத்துக்கு ஹால் காலியாகக் கிடந்தது என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

என் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான். ஆபரேட்டர் அழுதார் என்று நான் எழுதியது பொய். அதைத் திரும்பப் பெறுகிறேன். யாராவது எடுத்தாண்டிருந்தால் நீக்கிவிடுங்கள். கார்பன் குச்சியைப் பற்றியும் மூலைப் புள்ளியைப் பற்றியும் மேலே எழுதியிருப்பது மட்டுமே அவர் என்னிடம் சொன்னது. அவர் பெயரால் என் எழுத்தில் வேறு என்ன இருந்தாலும் அது அவருடையது அல்ல.