விண்ணிலிருந்து வந்தவர்கள் கேட்ட நிலம்

யப்பானில் 1950களில் தயாரான விண்வெளி மனிதர் படங்களைப் பல ஆண்டுகள் பிந்திப் பார்க்க நேர்ந்த நாம், முதலில் நகைத்தோம் என்பதை மறைப்பானேன்? ரப்பர் அங்கியும் பொம்மைக் கட்டடங்களும் எவரையும் நகைக்க வைக்கும். ஆனால் அந்தப் பாத்திரங்கள் பேசுவதைச் செவிமடுத்தபோது நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

1954 மார்ச் 1ஆந் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், சூரை மீன் பிடிக்கச் சென்றிருந்த யப்பானியப் படகொன்றின் மீது படிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் செப்டெம்பரில் மாண்டார். தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்து இல்லத்தரசிகள் தொடக்கிய அணுகுண்டு எதிர்ப்பு மகஜரில், அடுத்த ஆண்டுக்குள் மூன்று கோடிக்கும் மேலானோர் கையொப்பமிட்டனர். விண்வெளி மனிதர் யப்பானியத் திரையில் வந்திறங்கியது இந்தச் சூழ்நிலையிலேதான்.

1956இல் கோஜி ஷிமா இயக்கிய 'விண்வெளி மனிதர் தோக்கியோவில் தோன்றினர்' என்ற வண்ணப்படத்தில் வருவோர் நட்சத்திர மீனைப் போன்றவர்கள்; வயிற்றின் நடுவே ஒற்றைக் கண். அந்த உருவைத் தீட்டியவர் பிரபல ஓவியர் தாரோ ஒக்கமோட்டோ. அவர்களுக்கோ மனிதர்தாம் அவலட்சணமாகத் தெரிகின்றனர். முகத்தின் நடுவே ஏதோ தடித்துத் துருத்திக்கொண்டிருக்கிறதாம்! (நமது மூக்கைப் பற்றி இதனினும் நேர்மையான விமர்சனம் வேறில்லை.) அணுவாயுதத்தைக் கைவிடுமாறு கோர வந்த அவர்கள், அதன் கொடுமையை அனுபவித்தறிந்த யப்பானியரையே முதலில் நாடுகின்றனர். இதுவரை நன்று. ஆனால் பூமியின் மீது மோத வரும் கிரகமொன்றைத் தகர்க்க உலகின் அணுகுண்டுகளையெல்லாம் ஏவச் சொல்வோரும் அவர்களே. அவை போதாமற்போகவே, யப்பானிய விஞ்ஞானி ஒருவரின் சூத்திரத்தைக்கொண்டு அதனினும் கொடிய வெடிபொருள் ஆக்கப்படுகிறது. குண்டை வெறுத்துத் தொடங்கிய கதை குண்டிலேயே தஞ்சம் புகுகிறது. கதாசிரியருக்கு இது உறுத்தியிராதா என்று நாம் வியக்கிறோம்.

அடுத்த ஆண்டு இறுதியில் வெளிவந்த 'பூமிப் பாதுகாப்புப் படை' இன்னும் கூர்மையானது. அதனை இயக்கிய இஷிரோ ஹொண்டா, சீனப் போர்முனையிலிருந்து 1946இல் நாடு திரும்புகையில் ஹிரோஷிமாவின் பாழைக் கண்ணாரக் கண்டவர். அணுப் போரால் தமது கிரகத்தையே இழந்த மிஸ்டேரியர் இதில் வந்திறங்குகின்றனர். அவர்கள் மிகப் பணிவாகவே பேசுகின்றனர். மூன்று கிலோமீற்றர் ஆரையுள்ள நிலம் போதும். பூமியின் பெண்களை மணக்கும் உரிமையும் வேண்டும். சமாதானமே தமது நோக்கம் என்கின்றனர். பின்னர் மூன்று கிலோமீற்றர் 120 ஆகிறது. ஷிராயிஷி என்ற இளம் விஞ்ஞானி அவர்களது அறிவில் மயங்கி அவர்கள் பக்கமே போய்விடுகிறான். மக்களை மறந்து விஞ்ஞானத்தை மட்டும் வணங்கும் படித்தவனை நாம் எல்லா நாட்டிலும் கண்டிருக்கிறோம்; அவன் ஏமாற்றத்தை உணரும்போது காலம் கடந்துவிடுகிறது.

கொஞ்ச நிலம், சமாதானத்தின் பெயரால். இந்த வசனத்தை அன்றைய யப்பானியர் சுனகவாவை நினையாமற் கேட்டிருப்பார்களா? தோக்கியோவுக்கு அருகே தச்சிக்காவா அமெரிக்க விமானத்தளத்தின் ஓடுபாதையை நீட்டுவதற்காக 1955 முதல் அவ்வூர் விவசாயிகளின் நிலம் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது. படத்தில் மிஸ்டேரியரை விரட்டுவதற்கு உலக வல்லரசுகள் கூடி இராட்சதக் கதிர்க் கருவிகளைச் செய்கின்றன. சுனகவாவில் அத்தகைய கருவி எதுவும் இருக்கவில்லை. விவசாயிகளும் தொழிலாளரும் மாணவரும், பறையறைந்தபடி வந்த பௌத்த பிக்குகளும், 1956 ஒக்டோபரில் பொலிசாரின் தடியடிக்கு முன்னே கைகோத்து நின்றனர். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்த பின் நில அளவை நிறுத்தப்பட்டது. 1968இல் நீட்டிப்புத் திட்டமே கைவிடப்பட்டது. 1977இல் தளம் முழுவதும் யப்பானிடம் திரும்பியது.