பரிவும் பாரமும்

முதுகு நோவுற்றவனுக்கு ஓய்வும் ஊட்டமும் வேண்டும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய எண்ணம். என் 28ஆம் வயதில் ‘அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்னும் முதுகெலும்பு அழற்சி நோய் கண்டபோது, அம்மா என்னைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் பேணினார். நெய்யும் பாலும் குறைவின்றி வந்தன. ஓராண்டில் என் எடை 68 கிலோவிலிருந்து 84 ஆயிற்று. விடியலில் முதுகு இறுகிக் கிடக்கும் நேரமும் நீண்டது.

சுமை கூடினால் எலும்பு நோகும் என்பது எவரும் அறிந்ததே. மருத்துவர் அதற்கு மேலும் ஒன்றை உரைத்தார். கொழுப்பு வெறும் சுமையன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கும் திசு அது. பருமன் மிகுந்தோரிடம் இந்நோயின் வேகம் கூடுதலாகவும், அழற்சியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் சிலவற்றின் பயன் குறைவாகவும் காணப்படுகின்றன. மேலும், இவ்வலி ஓய்வில் இறுகி, அசைவில் இளகும் இயல்புடையது. வலியால் முடங்குகிறோம், முடங்குவதால் எடை கூடுகிறது, எடையால் வலி ஓங்குகிறது.

இச்சுழலை அறுக்க, உலைவைக்கும் கையும் உடன்பட வேண்டுமன்றோ? “தின்னாமல் தெம்பு எப்படியப்பா வரும்?” என்று அம்மா கண்கலங்கினார். துணைவியார் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினார். சில நாள்களில் அம்மாவே மாலைதோறும் என்னுடன் நடக்க வந்தார். எட்டு மாதங்களில் 9 கிலோ குறைந்தது. நோய் நீங்கவில்லை, மருந்தும் தொடர்கிறது. ஆயினும், காலையில் குனிந்து என் செருப்பை நானே மாட்டிக்கொள்கிறேன்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இந்நோயாளி இருந்தால், அவர் தட்டில் இன்னொரு கரண்டி இடுமுன், அவரோடு ஒரு தெரு நடந்து வாருங்கள்.