சுவத்துல ஒரு சொந்த வீடு

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அந்த தெம்புல ஒரு பொம்மை வீட்டு கிட் வாங்கிட்டேன் மக்களே. சுவத்துல மாட்டுற மாடல், 1:24 அளவு. அதாவது 6 அடி கதவு 3 இன்ச். தங்கமணி பெட்டியைப் பாத்துட்டு, "நமக்குக் கட்டுப்படியாகுற வீடு இதானா?"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

முதல் நாளே சொதப்பல். சுவரை நிறுத்தி ஒட்டிட்டு அப்புறம் வால்பேப்பர் ஒட்டப் போனா, மூலையில விரல் நுழையல. பலகை தட்டையா கிடக்கும்போதே ஒட்டியிருக்கணும். பிய்ச்சு, மறுபடி முதல்லேர்ந்து. அடுத்து எல்.ஈ.டி எரியல. நாலு வருஷம் ஈ.சி.ஈ படிச்சவன் ப்ளஸ் மைனஸை மாத்திக் கொடுத்திருக்கேன். (எங்க ஹெச்.ஓ.டி இதைப் படிக்காம இருக்கணும்!)

கிட்ல குளிர்காயுற அடுப்பு ஒண்ணு இருந்துச்சு. சென்னையில எதுக்கு? அதைத் தூக்கிட்டு ஐஸ் குச்சியில ஊஞ்சல் செஞ்சேன். சங்கிலிக்கு தங்கமணி அறுந்த கொலுசைக் கொடுத்தாங்க. வாசல்ல அவங்களே குண்டூசி முனையால கோலம் போட்டாங்க. "கிழக்கு பாத்து சமைக்கிற மாதிரி வைங்க"ன்னு உத்தரவு வேற. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் லோன் கணக்கு போடாம தூங்கினோம்.

நேத்து சுத்தியலை எடுத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வாடகை ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. நாள் முழுக்க ஆணி புடுங்குறவனுக்கு வீட்டுல ஒரு ஆணி அடிக்க வழியில்ல. அவ்வ்வ்...

இப்போதைக்கு ஃப்ரிட்ஜ் மேல சாய்ச்சு வெச்சிருக்கோம். கரண்ட் போனா அந்த வீட்டுல மட்டும் விளக்கு எரியுது.