இரண்டு அன்னாக்கள்

என் தம்பி மனைவி ஜெர்மன்காரி. போன வருஷம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது, தன் பாட்டியின் பாட்டி அன்னாவைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நாடு முழுக்க 1876-லிருந்து பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. 80 வருஷம் கடந்த கல்யாணப் பதிவை யாரும் பார்க்கலாமாம். அன்னாவின் 1895-ஆம் வருஷக் கல்யாணப் பதிவில் அவள் பிறந்த தேதி, ஊர், அப்பா பேர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பேர்கூட இருந்தது. (என் கொள்ளுப்பாட்டியின் பேரே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது!)

1876-க்கு முந்தியது வேண்டுமானால் பெரும்பாலும் சர்ச் புத்தகம்தான். அதிலிருக்கும் பழைய கையெழுத்து இன்றைய ஜெர்மன்காரர்களுக்கே சட்டென்று படிக்க வராது. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தோம். கல்யாணப் பதிவில் பிறந்தது 1871 என்றிருக்க, இங்கே அதே பெற்றோருக்கு 1868-லேயே ஓர் அன்னா! எழுதினவர் தப்பு என்றேன் நான். அவள் பேசாமல் அடக்கப் பதிவுகளைப் புரட்டினாள். அந்த அன்னா இரண்டு வயசிலேயே போய்விட்டாள். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பேர். அந்தக் காலத்தில் அப்படி வைப்பதுண்டாம்.

எப்படித்தான் கூப்பிட்டாளோ அந்தத் தாய்!

வம்சப் பட்டியலை எடுத்தவள், "சின்னப் பாப்பாவையும் எழுதவா, அக்கா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

"முதல்ல அவளை எழுதும்மா" என்றேன்.